மாடி வீடும் மாநகர முற்றமும்

வீடு என்று சொன்ன மாத்திரத்தில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் மனக்கண்முன் தோன்றுவன வேலியும் படலையும், கூட்டிப் பெருக்கிய முற்றமும், கிணற்றடி வாழையும், கோடிப்புறத்து முருங்கையுமாம். மட்டக்களப்பாருக்கோ மணல் முற்றமும் தென்னை நிழலும் சேர்ந்தாலன்றி வீடு வீடாகாது. இவ்வாறு வளவோடு கூடிய வாழ்வில் வளர்ந்தவர்கள், தொழிலின் பொருட்டும் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டும் கொழும்புக்கு வந்து, ஐந்தாம் மாடியிலோ ஒன்பதாம் மாடியிலோ குடியேறுகின்றனர். கதவைத் திறந்தால் ஒடுங்கிய நடைபாதை. யன்னலைத் திறந்தால் அடுத்த மாடியின் சுவர். இந்தப் புதிய வாழ்வைச் சிறையென்று எண்ணி நாளைக் கழிப்போரும் உளர். அதனை நன்கு அறிந்து இன்பமாக வாழ்வோரும் உளர். இவ்விரு சாராருக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகின்றது என்பதை ஆராய்வது பயனுடையது.

கொழும்பில் மாடிக் குடியிருப்பு நேற்றுத் தோன்றியதன்று. பம்பலப்பிட்டியிலும் மாளிகாவத்தையிலும் அரசாங்கம் கட்டிய தொடர்மாடிகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வந்துள்ளன. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்து வந்தோர் பலர் வெள்ளவத்தையில் தங்கினர். அங்கே கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளில் பழைய தனி வீடுகள் மறைந்து, மாடிகள் எழுந்தன. 2001ஆம் ஆண்டில் பொறளையில் அமைந்த சகஸ்புரத் தொடர்மாடியில், சேரிக் குடிசைகளில் வாழ்ந்த மக்கள் 600க்கும் மேற்பட்ட வீடுகளில் குடியேற்றப்பட்டனர். ஆகவே மாடி வாழ்வு செல்வருக்கு மட்டும் உரியதுமன்று, வறியவருக்கு மட்டும் உரியதுமன்று. நிலம் சுருங்கி மக்கள் பெருகும் நகரில் எல்லோரும் கற்க வேண்டிய பாடம் அது.

அப்பாடத்தின் முதல் விதி, எது தனக்குரியது, எது பொதுவானது என்பதைத் தெளிவாக அறிதலாகும். ஊரில் இரு வளவுகளைப் பிரிப்பது வேலி. வேலி எல்லையின் பொருட்டு எழுந்த வழக்குகள் எத்தனை என்பதை நேயர்கள் அறிவர். மாடியில் வேலி இல்லை. ஆயின் எல்லை உண்டு. மேல்வீட்டாரின் தளமே கீழ்வீட்டாரின் முகடு. பக்கத்து வீட்டாரின் சுவரே தன் வீட்டுச் சுவர். அத்திவாரம், கூரை, படிக்கட்டு, மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, கழிவுநீர்க் குழாய் ஆகியன எவரொருவருக்கும் தனித்துரியன அல்ல. எல்லோர்க்கும் சேர்ந்தே உரியன. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், மாடியில் ஒரு வீட்டைத் தனியுடைமையாக வைத்திருக்கவும், பொதுப் பகுதிகளைக் கூட்டாக ஆளவும் வழிவகுத்தது. அதன்படி பதிவு பெற்ற மாடியொன்றின் வீட்டுரிமையாளர் அனைவரும் ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவராவர். இவற்றை மேற்பார்வை செய்வதற்குக் கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை உளது.

வீடு வாங்குவோர் உறுதியை வாசிக்கின்றனர். தம் வீட்டின் சதுர அடியை அளக்கின்றனர். ஆயின் அந்த மாடிக்குக் கூட்டுத்தாபனம் உண்டா, அது கூட்டம் கூடுகின்றதா, மாதக் கட்டணம் எவ்வளவு, திருத்த வேலைக்கெனச் சேமிப்பு உண்டா என்று கேட்போர் சிலரே. பத்து ஆண்டுகள் கழித்து மின்தூக்கி பழுதடையும். கூரையில் நீர் கசியும். அப்பொழுது, "முதலாம் மாடியில் இருக்கும் எனக்கு மின்தூக்கி எதற்கு?" என்பார் ஒருவர், "கூரை ஒழுகினால் மேல்மாடியார் பார்த்துக்கொள்ளட்டும்" என்பார் மற்றொருவர். அந்த வேளையில்தான் ஒரு கட்டடம் அழியத் தொடங்குகின்றது. கூரையில் இறங்கும் நீர் கொங்கிறீற்றுக்குள் உள்ள கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னைச் சூழ்ந்த கொங்கிறீற்றைப் பிளக்கும். கடற்காற்றின் உப்பு இதனை விரைவுபடுத்தும். மேல்மாடியின் கசிவு காலப்போக்கில் கீழ்மாடியையும் தாங்கும் தூணுக்கே ஊறு செய்யும். ஆகவே மாதக் கட்டணத்தைத் தண்டமென்று எண்ணாது, ஊரில் ஆண்டுதோறும் வேலி அடைப்பதற்கும் கூரை வேய்வதற்கும் செய்த செலவாகவே எண்ணுதல் தகும்.

அடுத்தது நீர். லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும், களனியாற்றின் அம்பத்தலையிலிருந்தும் நகருக்கு வரும் நீர், மாடியின் அடியிலுள்ள தாங்கியில் முதலில் தங்குகின்றது. அங்கிருந்து மின்னியந்திரம் அதனை உச்சித் தாங்கிக்கு ஏற்றுகின்றது. உச்சியிலிருந்தே அது வீடுகளுக்கு இறங்குகின்றது. மின்சாரம் நின்றால் நீரேற்றமும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது மாடிவாசிகள் இதனை நன்கு உணர்ந்தனர். மின்தூக்கி நிற்க, முதியோர் வீட்டினுள்ளேயே தங்கினர். இளையோர் வாளியும் கையுமாகப் படியேறினர். அந்நாளில் எந்த மாடியில் அயலவர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனரோ, அங்கே மேல்மாடி முதியவருக்குத் தண்ணீரும் மருந்தும் கிடைத்தன. உறவு இல்லாத மாடியில் பணம் இருந்தும் பயனில்லாது போயிற்று. இரண்டு நாளுக்குப் போதுமான குடிநீரை மூடிய பாத்திரத்தில் வைத்திருப்பது எக்காலத்திலும் நன்று.

நீரைச் சேமிப்போர் நுளம்பையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயால் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. இந்நோயைப் பரப்பும் நுளம்பு குளத்தையும் ஆற்றையும் தேடிச் செல்வதில்லை. பூச்சாடித் தட்டிலும், குளிரூட்டியின் அடித்தட்டிலும், கூரைப் பீலியிலும் தேங்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை அளவே செல்லும். ஆதலின் கிழமைக்கு ஒரு நாளைக் குறித்து, பலகணியிலும் கூரையிலும் தேங்கிய நீரை அகற்றுதல் வேண்டும். ஒரு வீட்டார் செய்து பத்து வீட்டார் செய்யாவிடின் பயனில்லை.

குப்பையும் அவ்வாறே. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த நகரக் குப்பை சரிந்து வீடுகளின்மேல் வீழ்ந்தது. 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாடியிலிருந்து ஒரு பையிற் கட்டி இறக்கிவிட்டால் குப்பை மறைந்துபோவதில்லை. மற்றொருவரின் வீட்டு வாசலிற் சென்று சேர்கின்றது. உக்குவதையும் உக்காததையும் வேறுபிரித்துக் கொடுக்கும் சிறு வேலை, தாம் காணாத ஓர் அயலவருக்குச் செய்யும் உதவியாகும்.

தீயைப் பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பாகங்களில் சமையல் வாயு வெடித்த நிகழ்ச்சிகள் மக்களை அச்சுறுத்தின. இவ்வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும். மணம் எழுந்தவுடன் மின்னாளியைத் தொடாது, சிலிண்டரை மூடி, கதவு யன்னல்களைத் திறந்து, வீட்டாரை வெளியே அனுப்புதல் வேண்டும். தீப்பற்றினால் மின்தூக்கியில் ஏறலாகாது, படிக்கட்டே வழி. ஆதலின் படிக்கட்டில் சப்பாத்துத் தட்டும், பழைய கதிரையும், துவிச்சக்கரவண்டியும் வைப்பது அயலவரின் உயிர்வழியை அடைப்பதாகும். கொழும்புத் தீயணைப்புப் படையின் 110 என்னும் இலக்கத்தைப் பிள்ளைகளும் மனனஞ் செய்திருத்தல் நன்று.

ஓசையும் மாடியில் ஒரு பொதுப்பொருள். ஊரில் அதிகாலையில் உரலில் மா இடிக்கும் ஓசை ஓர் அழகு. மாடியில் அதே ஓசை இரவுப்பணி முடிந்து உறங்குபவரின் தலைமேல் இடிக்கும். இடிப்பதையும் அரைப்பதையும் பகற்பொழுதில் வைத்துக்கொள்ளலாம். கீழே தடித்த பாயை விரிக்கலாம். இவற்றிலும் சிறந்த வழி, குடிவந்த முதற் கிழமையிலேயே மேல்வீட்டாரையும் கீழ்வீட்டாரையும் கண்டு பேசிவிடுதல். முகம் அறியாதவரின் ஓசை பகையாகத் தோன்றும். முகம் அறிந்தவரின் ஓசை பொறுக்கக்கூடியதாகும். கொழும்பு மாடியில் அயலவர் சிங்களவராகவோ முஸ்லிமாகவோ பறங்கியராகவோ இருக்கலாம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கிண்ணம் சென்றால், புத்தாண்டுக்குக் கொக்கிசும், பெருநாளுக்கு வட்டிலப்பமும், நத்தாருக்குக் கேக்கும் திரும்பி வரும். அவர் மொழியில் நான்கு வாக்கியம் கற்பது இன்னும் நன்று.

இனி, மாடி வாழ்வில் மிகவும் துன்புறுவோர் முதியோரும் சிறுவருமே. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், ஊரிலிருந்து அழைத்துவரப்பட்ட தாயார் பூட்டிய கதவுக்குப் பின்னால் மாலைவரை தனித்திருக்கின்றார். ஊரில் அவர் முற்றத்திற்கு இறங்கினால் வேலியின் அப்பாலிருந்து ஒரு குரல் வரும். இங்கே உணவும் மின்விசிறியும் உண்டு, குரல் இல்லை. இவரது வீட்டுத் திறப்பு ஒன்றை நம்பிக்கையான அயலவரிடம் கொடுத்து வைப்பதும், நாள்தோறும் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்க்கும்படி வேண்டுவதும் பெரிய மருந்துக்குச் சமம். எனினும் அது மட்டும் போதாது. இழந்த முற்றத்தை அவருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வேறெங்கேனும் தேடிக் கொடுத்தல் வேண்டும். அம்முற்றம் மாநகரமே.

காலிமுகத்திடலை எடுத்துக்கொள்வோம். அதன் கடலோர நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டிற் தொடங்கி 1859இல் நிறைவேற்றினார். அங்கே நாட்டப்பட்ட கல், கொழும்பு மாதர் சிறுவரின் நலன் கருதி அதனைப் பேணும்படி பின்வரும் தேசாதிபதிகளைக் கேட்டுக்கொள்கின்றது. முற்றமில்லாத சிறுவருக்கு இதனிலும் பெரிய முற்றம் வேறில்லை. மாலையில் அங்கே பட்டம் ஏற்றுவோரையும் இறால் வடை உண்போரையும் பார்த்திருப்பதே முதியோர்க்கு நல்ல பொழுதுபோக்கு.

கோட்டையிலிருந்து கல்கிசைக்குச் செல்லும் புகையிரதம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை வழியாகக் கடலை ஒட்டியே ஓடுகின்றது. சிறு கட்டணத்தில் கடலைக் கண்டு மீளலாம். ஆயின் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்தில் அலை பெரிது; குளிக்க இறங்குதல் ஆகாது.

1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையிற் பொலநறுவையில் எடுக்கப்பட்ட சைவத் திருவுருவங்களைக் காணலாம். அங்கேயே சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பெயரோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட, மும்மொழிக் கல்வெட்டும் உளது. அது 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெய்வேந்திரமுனையில் எழுந்தருளிய நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனையும் போற்றுகின்றன. ஒரே கல்லில் மூவர் குடியிருக்கும் அக்காட்சி, மாடியிற் குடியிருப்போர் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சியன்றோ?

அருகிலேயே விகாரமகாதேவிப் பூங்காவும் பொது நூலகமும் உள்ளன. வெள்ளவத்தையில் 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் நூலகமும் மண்டபமும் கொண்டு விளங்குகின்றது. தனித்திருக்கும் முதியவர் கிழமையில் இரண்டு நாள் அங்கு சென்றால், ஊர்ப் பேச்சும் கிடைக்கும், நூலும் கிடைக்கும். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம், வெய்யிற் பொழுதிலும் குளிர்ந்திருக்கும் இடம். ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் விழாத் தேர் காலி வீதியால் வருங்கால், மாடிவாசிகள் படியிறங்கி வீதியோரத்தில் நிற்பதுண்டு. அன்று நகரம் முழுவதும் ஒரே முற்றமாகின்றது.

மரத்தையும் பறவையையும் காண விரும்புவோருக்கும் குறைவில்லை. கொழும்பு 2018ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. பெத்தகானை ஈரநிலப் பூங்காவில் அதிகாலையில் நடந்தால், நாரையையும் மீன்கொத்தியையும் காணலாம். இந்நிலங்கள் மழைவெள்ளத்தைத் தம்முள் ஏற்று நகரைக் காப்பன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

மாடி வீட்டைச் சிறையாக்குவது அதன் சிறுமையன்று. கதவுக்கு உள்ளே இருப்பது மட்டும் தன்னுடையது என்னும் எண்ணமே அவ்வாறு ஆக்குகின்றது. படிக்கட்டும் கூரையும் தன்னுடையன என்று கருதுபவர் அவற்றைப் பேணுவார். திடலும் நூலகமும் தன்னுடையன என்று கருதுபவர் அவற்றை நாடிச் செல்வார். இன்று மாலை வேலையால் வீடு திரும்பும் மாடிவாசி ஒருவர், தம் கதவைத் திறப்பதற்கு முன்னர், அடுத்த கதவைத் தட்டி அங்குள்ள முதியவரின் சுகத்தை விசாரிப்பாராயின், ஊரில் விட்டுவந்த வேலியோரக் குரல் அந்த மாடியிலும் கேட்கத் தொடங்கும்.