பிராக் நகருக்காக ஓர் அமெரிக்க இசை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாணவரின் காற்றுக்கருவி இசைக்குழுக்கள் உண்டு. வயலின்களுக்கு அங்கே இடமில்லை. கிளாரினெற், ட்ரம்பெற், புல்லாங்குழல் போன்றவற்றுடன் தாளக் கருவிகள் சேர்ந்து முழங்கும். நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த எமக்கு இக்கூட்டு அந்நியமல்ல. 1952இல் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட்மன் இசைக்கல்லூரியில் பிரெட்ரிக் பெனல் தொடங்கிய குழுவே இவற்றுக்கு முன்னோடி.

இக்குழுக்கள் விரும்பி வாசிக்கும் அமெரிக்கப் படைப்புகளுள் ஒன்று 'பிராக் 1968க்கான இசை'. அதை எழுதிய காரெல் ஹூசா, 1921இல் பிராக் நகரில் பிறந்தவர். 1954இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திற்குக் கற்பிக்க வந்து, 1959இல் அமெரிக்கக் குடிமகனானார். 1968 ஓகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் தம் தாயகத்துள் புகுந்த செய்தியை அவர் வானொலியில் கேட்டார். ஊர்ச்செய்திக்காக வானொலியருகே காத்துக்கிடந்த எம்மவருக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அந்த வேதனையை இதாகா கல்லூரி இசைக்குழுவுக்கான இசையாக்கினார் ஹூசா. அதில் சிறு புல்லாங்குழல் பறவையாய்க் கூவி விடுதலையைக் குறிக்கிறது. பிராக்கின் மணிகள் ஒலிக்கின்றன. 15ஆம் நூற்றாண்டுச் செக் போர்ப்பாடல் ஒன்றும் கலந்து வருகிறது. 1969 ஜனவரியில் வாஷிங்டனில் அது அரங்கேறியது. ஆட்சி மாறியபின், 1990இல், பிராக்கிலேயே அதை அவர் நடத்தினார்.

பிறந்த மண்ணை நினைந்து எழுதியதை, புகுந்த நாடு தன் இசையாகவே ஏற்றுக்கொண்டது. வேரை மறந்தால்தான் இங்கு இடம் கிடைக்கும் என்று எம் பிள்ளைகள் எண்ண வேண்டியதில்லை.

பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம், அல்லது கட்டணம் குறைவு. பிள்ளைகளையும் கூட்டிச் செல்வோம். பகுதிகளுக்கிடையே கைதட்டாமல், நடத்துனர் சபையை நோக்கித் திரும்பும்வரை பொறுத்திருப்பது அங்குள்ள வழக்கம்.