வீடும் தறியும் மட்டம் தவறுவதை அறிவது எப்படி?

மழைக்காலம் கழிந்த சமயம், நமது அங்கத்தினர் ஒருவர் நெய்த துணியில் ஒரு கரை விறைத்தும் மறுகரை தளர்ந்தும் வந்தது. நூலில்தான் குறை என்றார். பிறகு அச்சை மாற்றினார். பாவை அவிழ்த்து மீண்டும் சுற்றினார். இரண்டு வாரக் கூலி போயிற்று. கடைசியில் கொத்தனார் ஒருவர் படைமரத்தின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றது. தறியின் கால் ஒன்று தரையோடு சேர்ந்து இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கதவு சில மாதங்களாகவே சரியாகச் சாத்த வரவில்லை என்று வீட்டு அம்மாள் அப்பொழுதுதான் சொன்னார்கள். கதவு முன்னரே சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை.

காரணம் மண். சங்கரன்கோவில் வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கோவில்பட்டிப் பக்கம் செல்லச் செல்லக் கரிசல் மிகும். கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களித்தாது இருக்கிறது. அது நீரை உட்கொண்டு உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் புஞ்சையில் கை நுழையுமளவு வெடிப்பு விடுவதைப் பருத்தி விவசாயிகளான அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. அதே வேலையைத்தான் அம்மண் வீட்டின் அடியிலும் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரோரம் நனைந்து உயரும். வீட்டின் நடுப்பகுதி அவ்வளவு நனையாது. சித்திரை, வைகாசியில் ஓரமே முதலில் காய்ந்து இறங்கும். எனவே வீடு ஒரே சீராக ஏறி இறங்குவதில்லை. மூலைக்கொரு விதமாக அசைகிறது. அமெரிக்காவில் சக்கரங்களின்மேல் இழுத்து வந்து கட்டைகளின்மேல் நிறுத்தும் வீடுகள் உண்டு. அங்கு மட்டம் பார்த்துக் கட்டையைச் சரி செய்வது வழக்கமான வேலை. நம் வீடுகள் அசையாதவை என்று நாம் நம்புவதால் பார்ப்பதில்லை.

முதலில் கதவைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறினாலும் கதவு இறுகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மரம் ஊறியதானால் கதவின் ஓரம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இறுகும், வெயில் வந்ததும் விட்டுவிடும். நிலை சாய்ந்திருந்தால் ஒரு மூலை மட்டும் உரசும். மற்றொரு மூலையில் ஆப்பு வடிவில் சந்து தெரியும். தச்சரை அழைத்துக் கதவை இழைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். இழைத்துவிட்டால் அடுத்த பருவத்தில் அங்கே சந்து விழும்.

அடுத்தது சுவர். மேற்பூச்சில் வலைபோல் ஓடும் நுண்ணிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சின் குறையே. ஜன்னல், வாசல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசலும், செங்கல் வரிசைகளில் படிப்படியாக ஏறும் விரிசலும் வேறு வகை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். மழையில் மூடிக் கோடையில் திறப்பதானால் மண் மூச்சு விடுகிறது என்று கொள்ளலாம். பருவம் எதுவாயினும் கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போவதானால் பொறியாளரை அழைக்க வேண்டும். விரல் நுழையும் விரிசலோ, சுவரைவிட்டு உத்திரம் விலகுவதோ கண்டால் காத்திருக்கலாகாது; குடும்பத்தார் அந்த அறையை உடனே காலி செய்ய வேண்டும்.

தறிக்கு வருவோம். குழித்தறியின் கால்மரங்கள் தரையில் ஊன்றியவை. தரை சென்ற வழி அவையும் செல்லும். துணி ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருள்வது, பாவின் ஒரு பாதி அடிக்கடி தளர்வது ஆகியவை குறிகள். விசைத்தறியில் அதிர்ச்சி கூடும்; முடுக்கிய போல்ட்டுகள் மீண்டும் மீண்டும் தளரும். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து ஒப்பிடுங்கள். அவை ஒத்திராவிட்டால் சட்டமே கோணியிருக்கிறது. ஒத்திருந்தும் ரசமட்டம் சாய்ந்தால் குறை தரையில். அட்டையை மடித்துக் காலடியில் திணிப்பது நாலு நாளைக்குத்தான். வைரம் பாய்ந்த மர ஆப்பு அல்லது இரும்புத் தகடு வேண்டும்.

ஆனால் மட்டம் செய்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கூரை நீர் சுவரடியில் விழுகிறதா? குளியலறை நீர் அங்கேயே தேங்குகிறதா? சுவரையொட்டிப் பெரிய மரம் நின்று வேரால் ஈரத்தை உறிஞ்சுகிறதா? நீரை அப்பால் ஓடவிட்டு, சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சாய்வாகத் தளமிட்டாலே பல வீடுகளின் அசைவு தணியும். ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் ஆப்பு அடிப்பது வீண் செலவு.

புது வீடு கட்டுவோருக்கு வேறு வழி உண்டு. 1947-ல் தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், கரிசலுக்கென அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை வகுத்துத் தந்திருக்கிறது. குமிழின் அகலம் தூணின் அகலத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் சுமார் மூன்றரை மீட்டர் இறக்கினால், பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மண்ணைத் தாண்டி அது பிடித்துக்கொள்ளும்.

இருக்கும் வீட்டில் இருப்போர் தை மாதத்தில் ஒரு முறையும், வைகாசியில் ஒரு முறையும் படைமரத்தின்மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்து, குமிழி நின்ற இடத்தைத் தேதியோடு குறித்துக்கொள்ளலாம். ரசமட்டம் இல்லாதோர் கொத்தனாரிடம் அரை மணி நேரத்துக்கு இரவல் கேட்டால் போதும்.