சின்னக் காரின் பின்னால் எவ்வளவு கட்டி இழுக்கலாம்?

நிசான் லீஃப் காருக்கு டோபார், அதாவது பின்னால் கட்டி இழுப்பதற்கான கம்பி, கடையில் கிடைக்கும். வாங்கிப் பொருத்தலாம், அதில் சைக்கிள் தாங்கியையும் மாட்டலாம். ஆனால் தோட்டத்துக் குப்பை ஏற்றிப்போகும் சின்ன டிரெய்லரைக்கூட அந்தக் காரில் கட்டி இழுக்க நிசான் அனுமதி தரவில்லை. ஃபோல்க்ஸ்வாகனின் ஐடி.3 காரிலும் அதே கதைதான்: தாங்கியும் சைக்கிளும் சேர்த்து 75 கிலோ வரை ஏற்றலாம், டிரெய்லர் கூடாது. டொயோட்டா பிரியஸின் மூன்றாம் தலைமுறைக் காருக்கு இழுவை எடை பூச்சியம். அடுத்து வந்த நான்காம் தலைமுறைக்கு 725 கிலோ. பார்த்தால் எல்லாமே ஐந்து பேர் உட்காரும், ஏறக்குறைய ஒரே அளவுக் குடும்பக் கார்கள்.

பிரிட்டனில் கேரவன் இழுக்கவும், பழைய சோபாவைக் கவுன்சில் கிடங்குக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளின் சைக்கிள்களோடு கடற்கரைக்குப் போகவும் டோபார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் தொடங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காரையே. கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காரின் வரம்பு ஒரு கிலோகூடக் கூடாது.

அந்த வரம்பு எங்கிருந்து வருகிறது? ஐரோப்பிய விதிப்படி, முழுப் பாரத்தோடு டிரெய்லர் கட்டிய கார் 12 சதவீத ஏற்றத்தில் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை கிளம்பிக் காட்ட வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ், எஞ்சின் குளிர்விப்பு, பிரேக், பின் அச்சு எல்லாம் அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கே போகாத கார்களுக்கு இழுவை எடை கிடையாது. மின்சாரக் கார்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பேட்டரியின் எடையே அச்சுகளின் தாங்கும் திறனில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

முன்கதவைத் திறந்தால் தூணில், சில கார்களில் பானெட்டுக்கு அடியில், ஒரு சிறிய தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, ஆளும் சாமானும் சேர்த்துக் கார் மட்டும் எட்டக்கூடிய உச்ச எடை. இரண்டாவது, காரும் டிரெய்லரும் சேர்ந்த உச்ச எடை. மூன்றும் நான்கும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உரியவை. முதல் வரியில் 1,800, இரண்டாவதில் 3,000 என்று இருந்தால், முழுப் பாரத்தோடு போகும் அந்தக் கார் 1,200 கிலோ டிரெய்லரை இழுக்கலாம். இரண்டாவது வரி காலியாகவோ பூச்சியமாகவோ இருந்தால் அந்தக் கார் இழுக்கும் கார் அல்ல, பேச்சு அங்கேயே முடிந்தது. காரோடு வந்த கையேட்டில் இதைவிடக் குறைந்த எண் இருந்தால் அந்தக் குறைந்த எண்ணே செல்லும்.

இந்த 1,200 கிலோ பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லருக்குக் கணக்கு வேறு: 750 கிலோ அல்லது காலிக் காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. 1,250 கிலோ எடையுள்ள காருக்கு 625 கிலோ. கேரவன் கட்டுவோருக்கு பிரிட்டனின் கேரவன் அமைப்புகள் இன்னும் ஒரு அறிவுரை சொல்கின்றன. கேரவனின் எடை காலிக் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்கட்டும், குறிப்பாகப் பழக்கமில்லாதவர்களுக்கு. சட்டம் இல்லை, ஆனாலும் பின்பற்றத் தகுந்த யோசனை. டிரெய்லர் காரை ஆட்டிப்படைக்கத் தொடங்கும்போது காரின் எடை ஒன்றுதான் ஓட்டுநர் பக்கம் நிற்கும்.

ஓட்டுநர் உரிமம் இப்போது பெரிய தடையில்லை. 1997 ஜனவரி முதல் தேர்வில் தேறியவர்கள் கனமான டிரெய்லருக்குத் தனித் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் சாதாரண கார் உரிமமே 3,500 கிலோ டிரெய்லர் வரை போதும். தேர்வை நீக்கிவிட்டதனால் யாரும் ஒரே நாளில் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டப் பழகியிருக்கப் போவதில்லை, பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, டோபாரின் நுனியில் டிரெய்லர் மாட்டும் பந்தின் மேல் செங்குத்தாக இறங்கும் பாரம். மாட்டுவண்டியில் நெல் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலெழும்பும், மாட்டுக்குப் பிடி இருக்காது. டிரெய்லரிலும் அதே சூத்திரம். பின்பாரம் அதிகமானால் காரின் பின் சக்கரங்கள் லேசாகி, வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியும். முன்பாரம் அதிகமானால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி குறையும். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் பந்தின் மேல் இறங்குவது சரி என்பது பிரிட்டனில் வழங்கும் அளவு. 1,000 கிலோ டிரெய்லருக்கு 50 முதல் 70 கிலோ. பந்தின் மேல் இறங்கலாம் என்று கார் அனுமதிக்கும் உச்சவரம்பு சின்னக் கார்கள் பலவற்றுக்கும் 75 கிலோ அல்லது அதற்குச் சற்று முன்பின்தான்.

டிரெய்லரே வேண்டாம், சைக்கிள் மட்டும் என்பவர்களும் இந்த எண்ணை விட்டுவிட முடியாது. மின்சார சைக்கிள் ஒன்று 25 கிலோ வரை வரும். தாங்கி 18 கிலோ என்று வைத்துக்கொண்டால் இரண்டு சைக்கிளோடு 68 கிலோ, 75க்குள் அடங்கும். மூன்றாவதை ஏற்றினால் 93, வரம்பு உடைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்தால் சில கிலோ மிச்சமாகும், பலர் செய்கிறார்கள்.

பந்தில் 75 கிலோ வைத்தால் பின் அச்சில் 75 கிலோதான் ஏறும் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படி வராது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.6 மீட்டர், பின் அச்சிலிருந்து பந்து 1 மீட்டர் தள்ளி என்றால், பின் அச்சு சுமப்பது 104 கிலோ. அதற்கு ஈடாக முன் அச்சு 29 கிலோ லேசாகும். பின் இருக்கையில் மூன்று பேர், டிக்கியில் கூடாரமும் அடுப்பும் தண்ணீர்க் கேன்களும் என்று ஏற்றிய சின்னக் காரில் தகட்டின் நான்காவது எண்ணை மீறுவது வெகு சுலபம். பந்தின் மேல் இறங்கும் பாரம் காரின் சொந்தச் சுமையாகவும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காரின் எண்கள் கையில் வந்தபின் டோபாரைப் பார்க்கலாம். 1998 ஆகஸ்ட் 1 முதல் பதிவான, ஐரோப்பிய வகைச் சான்று பெற்ற கார்களுக்குச் சான்று பெற்ற டோபாரைத்தான் பொருத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு தகடு இருக்கும்: சான்று எண், எஸ் மதிப்பு, டி மதிப்பு. எஸ் என்பது பந்தின் மேல் இறங்கக்கூடிய பாரம், கிலோவில். டி என்பது இழுவிசைக்கான அளவு, கிலோநியூட்டனில். கார், டிரெய்லர் இரண்டின் உச்ச எடைகளையும் டன்னில் எழுதிப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன 1.8 டன் காருக்கும் 1.2 டன் டிரெய்லருக்கும் 7.06 வரும். தகட்டில் 7.06க்குக் குறையாத எண் இருக்க வேண்டும். கார், டோபார், டிரெய்லரின் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு, அவற்றில் சிறியது எதுவோ அதுதான் உங்கள் வரம்பு.

பிரிட்டனில் பந்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். ஏற்றிய காரில் பந்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 350 முதல் 420 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்.

வகைகளில் மலிவானது நிலையாகப் பொருத்தும் டோபார். இரண்டு போல்ட்டில் பந்தைத் தட்டோடு முடுக்கும் வகை பிரிட்டனில் இன்றும் நிறைய ஓடுகிறது. தட்டுக்கும் பந்துக்கும் இடையே துணைக்கருவி ஏதேனும் செருகலாம் என்பது அதன் வசதி. அன்னத்தின் கழுத்துபோல் வளைந்து எழும் ஒற்றைக் கம்பி இன்னொன்று. கேரவன்களில் வரும், பந்தை இறுகப் பிடித்து ஆட்டத்தைத் தணிக்கும் இணைப்புக்கு இது தோது. தட்டு வகையில் அதே இணைப்பைப் போட வேண்டுமென்றால் நீண்ட கழுத்துள்ள பந்து தேவைப்படும். அத்தகைய இணைப்பு உள்ளவர்கள் பந்தில் கிரீஸ் தடவவே கூடாது, உராய்வுப் பட்டைகள் வழுக்கிப் போகும்.

கழற்றி மாட்டும் வகைக்கு விலை கூடுதல். ஆனால் சின்ன ஹேட்ச்பேக்குகளில் நம்பர் பிளேட் பம்பரிலேயே தாழ்வாக இருக்கும். எதையும் இழுக்காதபோது பந்து அதை மறைத்தால் கழற்றியே ஆக வேண்டும், அதனால் அவற்றுக்குப் பல நேரம் இதுவே ஒரே வழி. பார்க்கிங் சென்சார் நிலையான பந்தைப் பார்த்துக் கத்துவதும் இதில் இல்லை. இதன் எதிரி குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு. கழற்றியபின் குழிக்கு மூடி போடாமல் விட்டால் உள்ளே துருப்பிடித்து, வசந்தத்தில் மாட்டப் போகும்போது இறுகிக் கிடக்கும். கழற்றிய கம்பியைப் பத்திரமாகக் கட்டி வைப்பதும் அவசியம். டிக்கியில் சும்மா உருளும் இரும்புத்துண்டு விபத்து நேரத்தில் ஆளைத் தாக்கும். பொத்தானை அமுக்கினால் மடங்கி உள்ளே போகும் வகையும் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும்.

பொருத்தும் வேலை பம்பரைக் கழற்றுவதில் தொடங்குகிறது. பின்விளக்குகள் வெளியே வரும், சக்கர வளைவுக்குள் ஒளிந்திருக்கும் திருகுகள் கழலும், கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடும். பம்பர் தோல் இறங்கியதும் நுரைப்பஞ்சும், அதற்குப் பின்னால் மோதலைத் தாங்கும் அலுமினிய அல்லது இரும்புக் குறுக்குக்கட்டையும் தெரியும். பல கார்களில் அந்தக் கட்டை மொத்தமாக வெளியே வந்து, டோபாரின் குறுக்குச் சட்டமே அந்த இடத்தில் உட்காரும். சட்டத்தின் இரு கைகளும் காரின் அடிச்சட்டக் குழாய்களுக்குள் நுழைய, கார் தொழிற்சாலையிலேயே விட்ட துளைகளில் போல்ட்டுகள் ஏறும். தொடும் பரப்புகளில் இருக்கும் மெழுகையும் அடிப்பூச்சையும் முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். மெழுகின் மேல் முடுக்கிய போல்ட் பின்னாளில் தளரும். துளை போட நேர்ந்தால் வெட்டிய விளிம்புக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். முடுக்குவது கை அனுமானத்தில் அல்ல, டார்க் ரெஞ்ச்சில், அறிவுறுத்தல் தாளில் அந்தப் போல்ட்டுக்குச் சொன்ன எண்ணுக்கு.

கழற்றிய பழைய குறுக்குக்கட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். வாடகை ஒப்பந்தக் கார் என்றால் திருப்பிக் கொடுக்கும் நாளில் தேவைப்படலாம். அத்தகைய காரில் உரிமையாளர் நிறுவனத்தின் அனுமதி வாங்காமல் டோபார் போடுவதே தவறு.

இரும்பு வேலை இவ்வளவுதான். பணத்தை மிச்சப்படுத்தக் கூடாத இடம் வயரிங். பழைய கார்களில் பின்விளக்கு வயரைச் சுரண்டி டிரெய்லர் வயரை முறுக்கிவிட்டால் விளக்கு எரிந்தது. இன்றைய காரில் ஒரு கணினிப் பெட்டி ஒவ்வொரு பல்புக்கும் போகும் மின்சாரத்தை அளந்துகொண்டே இருக்கிறது. கூடுதலாக ஒரு 21 வாட் பல்பைக் கோத்தால் பழுது என்று எச்சரிக்கும், சில சமயம் அந்தப் பெட்டியே பழுதாகும். இதற்கு மாற்றாக வரும் பொது வயரிங், இடையில் ஒரு ரிலே வைத்து, சைகையை மட்டும் காரிடமிருந்து வாங்கி மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேரடியாக எடுக்கிறது. விளக்கெல்லாம் ஒழுங்காக எரியும். ஆனால் பின்னால் டிரெய்லர் இருக்கிறது என்பது காருக்குத் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன? பல கார்களில் டிரெய்லர் நெளியும்போது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு அடக்கும் ஏற்பாடு உண்டு. டிரெய்லர் இருப்பதாகத் தகவல் வந்தால்தான் அது விழிக்கும். பின்பக்க சென்சார்கள் அணையாமல் இடைவிடாது கூவும். தானாக பிரேக் போடும் வசதி உள்ள கார் பின்னோக்கி நகரும்போது, கட்டிய சைக்கிளையே தடையாக எண்ணி நின்றுவிடும். அந்தந்தக் காருக்கென்றே செய்த வயரிங் இவற்றையெல்லாம் சரிசெய்யும். அதைச் செருகினாலும் போதாது, கார் கணினியில் குறியீடு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும். சில கார்களுக்குப் பெரிய குளிர்விப்பு விசிறியும் தேவைப்படும் என்பதால் வாங்கும்முன் விசாரிக்க வேண்டும்.

சாக்கெட்டில் 13 பின் வகையே இன்று பொருத்தமானது. திருகிப் பூட்டுவதால் மழைநீர் எளிதில் புகாது. ரிவர்ஸ் விளக்குக்கு எட்டாவது பின், கேரவனின் நிரந்தர மின்சாரத்துக்கு ஒன்பதாவது, ஃபிரிட்ஜுக்குப் பத்தாவது என்று எல்லாம் ஒரே சாக்கெட்டில். பழைய கறுப்பு 7 பின்னில் ரிவர்ஸ் விளக்குக்கு இடமே இல்லை. பழைய டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்குச் சின்ன அடாப்டர் போதும்.

கை வேலை தெரிந்தவர்கள் வீட்டு வாசலிலேயே இரும்பு வேலையை முடிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. வயரிங்கும் குறியீடும் தொழில் தெரிந்த ஃபிட்டரிடம் போவதே மேல். பிரிட்டனில் தேசிய டிரெய்லர், இழுவைச் சங்கம் அங்கீகரித்த ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். விலை கேட்கும்போது, காருக்குரிய வயரிங்கா பொதுவானதா, குறியீடு மாற்றும் கட்டணம் சேர்ந்ததா என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஃபிட்டர்கள் சொல்லும் விலையை ஒப்பிடவே முடியாது. உடைந்த காரிலிருந்து கழற்றிய டோபார் மலிவாகக் கிடைத்தாலும் தொடாமல் இருப்பது நல்லது. பின்னால் இடி வாங்கிய சட்டமா என்பது கண்ணுக்குத் தெரியாது.

பொருத்திய அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் தாங்கி காரின் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைத்தால், தாங்கியிலேயே இன்னொரு நம்பர் பிளேட்டும் எரியும் விளக்கும் வேண்டும். டிரெய்லர் கட்டிய காருக்கு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், ஒற்றைப் பாதைச் சாலையில் 50 மைல். மூன்று தடமுள்ள மோட்டார்வேயில் வலதுகோடித் தடத்துக்குப் போகக் கூடாது. பிரேக் உள்ள டிரெய்லரின் அறுபடும் கேபிளை, டோபாரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். பந்து கழன்றால் டிரெய்லரின் பிரேக்கை இழுத்து நிறுத்துவது அந்த மெல்லிய கம்பிதான்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்ச்சால் சோதிக்கச் சொல்கிறார்கள் பெரும்பாலான தயாரிப்பாளர்கள். புதிய சட்டம் தன் இடத்தில் படிந்து உட்காரும்போது முடுக்கு சற்றுத் தளர்வது உண்டு. அதன்பின் எம்ஓடி எனும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையில் டோபாரையும் சாக்கெட்டையும் பார்ப்பார்கள். பந்தின் தேய்மானத்தை உரிமையாளரே காலிப்பரால் அளந்துகொள்ளலாம்: 50 மில்லிமீட்டர் பந்து 49க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.