ஏழு மைல் தூரத்துப் புகை

சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய புத்தகம் எதைத் திறந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு புகைபோக்கி வந்து நிற்கும். கனடாவின் டிரெயில் என்ற ஊரில் இருக்கும் ஈய, துத்தநாக உருக்காலையுடையது. அங்கிருந்து அமெரிக்க எல்லை நேர்க்கோட்டில் ஏழே மைல்.

1920களில் அங்கே 409 அடி உயரப் புகைபோக்கிகள் எழுந்தன. கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி, வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிரையும் மரங்களையும் கருக்கியது.

வழக்குப் போட வேண்டியதுதானே என்று கேட்பீங்க. வெளிநாட்டு நிலத்துக்கு வந்த சேதத்தைக் கனடா நீதிமன்றம் விசாரிக்காது. சரி, ஆலையே அந்த நிலங்களை வாங்கிக்கொள்ளலாம்னா, வெளிநாட்டார் நிலம் வாங்க வாஷிங்டன் மாநிலத்தில் தடை. கடைசியில் இரண்டு அரசுகளும் 1935ல் ஒப்பந்தம் போட்டு, மூவர் கொண்ட நடுவர் மன்றத்திடம் விட்டன.

1941ல் மன்றம் சொன்னது இதுதான்: பக்கத்து நாட்டுக்குப் புகையால் தீங்கு வரும்படி தன் மண்ணைப் பயன்படுத்தவோ, பிறரைப் பயன்படுத்த விடவோ எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. ஆலை தனியாருடையது, பதில் சொல்ல வேண்டியது கனடா!

பல இடங்களில் மேற்கோள் இதோடு நின்னுடும். அதே வாக்கியத்துக்கு ஒரு வால் உண்டு. தீங்கு கடுமையானதாக இருக்கணும், அதைத் தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரத்தோடு நிரூபிக்கணும். அந்த வாலுக்கு எவ்வளவு வலு என்று 1938 இடைத்தீர்ப்பிலேயே தெரிகிறது. அமெரிக்கா கேட்டது 20 லட்சம் டாலரை ஒட்டி, கிடைத்தது 78,000. நிலத்துக்கும் மரத்துக்கும் கொடுத்தார்கள். கால்நடைக்கு வந்த பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை. ஊர்க் கடைக்காரர்களின் வியாபார நஷ்டமோ ரொம்ப மறைமுகமானது என்று தள்ளுபடி. பயிர் போனால் கடையும் படுக்கும் என்பது விவசாயிக்குத் தெரியும், சட்டத்துக்கு அது எட்டாத தூரம்.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. காற்றின் திசை, வேகம், பயிர் வளரும் பருவமா, நாளின் எந்த நேரம் என்றெல்லாம் பார்த்து, மணிக்கு எத்தனை டன் கந்தகம் வரை வெளியேறலாம் என்று அந்த நடுவர்கள் அட்டவணையே போட்டுக் கொடுத்தார்கள். நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுப் புகையைத் தொடர முடியாது. தீங்கு நடக்காமல் பார்த்துக்கொள்வதே கடமை என்ற இந்த எண்ணம் 1972 ஸ்டாக்ஹோம் பிரகடனத்தில் இடம்பிடித்தது. உருகுவே ஆற்றங்கரைக் காகிதக்கூழ் ஆலை வழக்கில், 2010ல், சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது.

ஆனால் டிரெயில் தீர்ப்பு புகையைப் பற்றி மட்டுமே. அதே ஆலை பல பத்தாண்டுகள் உலைக் கசடை ஆற்றில் கொட்டிவந்தது. அது எல்லை தாண்டிப் போய்ப் படிந்தது. 2004ல் கோல்வில் பழங்குடியினர் தரப்பிலிருந்து அதற்கு வழக்குப் போட்டார்கள். இந்த முறை, அமெரிக்க நீதிமன்றத்தில்.