உங்களுக்குத் தெரியுமா? நல்ல எஞ்சினும் சோதனையில் தோற்கலாம்

பழைய தோட்ட டிராக்டரை வாங்கும் முன் சோதிக்கும்போது, எஞ்சின் நல்ல நிலையில் இருந்தாலும் கம்ப்ரஷன் கேஜ் குறைவாகவே காட்டக்கூடும். கோலர் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில், ஸ்டார்ட் செய்யும்போது எளிதாகச் சுழல்வதற்காக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் அமைப்பு உண்டு. வேகம் கூடியதும் அது தானாக விலகிவிடும்.

• இவற்றுக்கு ஏற்றது கசிவுச் சோதனை. பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்று செலுத்தப்படும். சைலன்சரில் சீறல் கேட்டால் கோளாறு எக்ஸாஸ்ட் வால்வில். கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக் வால்வில். ஆயில் ஊற்றும் துளையில் பலமாகக் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. செலவு அதிகம் வைப்பது இதுதான். லேசான கசிவு புது எஞ்சினிலும் இருக்கும்.

• எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை அப்படியே நம்ப முடியாது. சில மாடல்களில் சாவியைத் திருப்பி வைத்தாலே, எஞ்சின் ஓடாமல் மீட்டர் மட்டும் ஓடும்.

• ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றியிருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுவதும், ஆயில் எரிவதைக் காட்டும் முதல் நீலப் புகையும் மறைந்துபோகும்.