எந்தத் தண்ணீருக்கு எந்தப் படகு?

ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகள் இறுகி உறைந்து கிடக்கும். பனிக்கட்டியின் மேலேயே வண்டி ஓட்டிப்போய், துளை போட்டு, தூண்டில் இறக்கி உட்கார்ந்திருப்பார்கள். அதே மாதத்தில்தான் மினியாபொலிஸ் மாநாட்டு மையத்தில் படகுக் கண்காட்சி நடக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் புதுப் படகுகள் மின்னும். ஏணி வைத்து ஏறி இருக்கைகளில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பங்கள் ஒரு பக்கம், ஸ்டியரிங்கை விட்டு இறங்க மறுக்கும் பிள்ளைகள் மறுபக்கம். அந்தக் கூடத்தில் காற்று இல்லை, அலை இல்லை, தண்ணீரே இல்லை. முதல்முறை படகு வாங்குபவர் தடுமாறுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. கண்ணுக்குப் பிடித்த படகை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை எங்கே ஓட்டுவது என்று பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

யோசனை தலைகீழாக இருக்க வேண்டும். எந்தத் தண்ணீர், யார் யார் ஏறப்போகிறார்கள், எதில் இழுத்துப்போவது, குளிர்காலத்தில் எங்கே நிறுத்துவது ஆகிய கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகுதான் படகின் பெயரே வர வேண்டும். இதைப் புரிந்துகொள்ள மினசோட்டாவைப் போல ஒரு பாடசாலை இல்லை. 10 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் அங்கே 11,842. பதிவு செய்யப்பட்ட படகுகள் 8 லட்சத்துக்கும் மேல். பள்ளி ஆசிரியர், மெக்கானிக், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று பலர் வீட்டுப் பக்கவாட்டிலும் டிரெய்லரில் ஒரு படகு நிற்கும். ஒரே மாநிலத்துக்குள் நான்கு விதமான தண்ணீர் இருப்பதால், ஒன்றில் ராஜாவாக இருக்கும் படகு இன்னொன்றில் உதவாமல் போவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதியிலிருந்து தொடங்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே உள்ளன. பெரும்பாலானவற்றில் மோட்டாருக்கு அனுமதி இல்லை. ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக, கனூ என்ற துடுப்புப் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு பாறையும் வேரும் நிறைந்த பாதையில் நடக்க வேண்டும். அந்த நடைபாதைகளின் தூரத்தை இன்றும் ‘ராடு’ என்ற பழைய அளவில்தான் சொல்கிறார்கள். ஒரு ராடு என்பது பதினாறரை அடி. கிட்டத்தட்ட ஒரு கனூவின் நீளம். இங்கே படகைத் தீர்மானிப்பது எடைதான். 17 அடி அலுமினியக் கனூ ஏறத்தாழ 34 கிலோ. கெவ்லார் இழையில் செய்த கனூ இன்னும் சற்று நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டாது. விலை வித்தியாசம் பெரிது. ஆனால் ஒரே நாளில் ஐந்தாறு முறை சுமக்க வேண்டியவருக்கு அந்த 14 கிலோ தரும் நிம்மதிக்கு ஈடு கிடையாது. வீட்டுக்கு எதிரேயுள்ள ஏரியில் மட்டும் துடுப்புப் போடுபவருக்கோ அலுமினியமே போதும். பாறையில் உரசினாலும் ஒடுங்குமே தவிர, சுலபத்தில் கிழியாது. அலுமினியக் கனூவுக்கே சுமக்கும் சிரமம்தான் மூலம். 1944-இல் விடுமுறைப் பயணத்தில் மரக்கட்டையும் கான்வாஸும் சேர்ந்த கனூவைச் சுமந்து அலுத்துப்போன வில்லியம் ஹாஃப்மன், தான் வேலை பார்த்த கிரம்மன் விமான நிறுவனத்தில் விமானத் தகட்டைக் கொண்டே கனூ செய்யலாம் என்று யோசனை சொன்னார். போர் முடிந்த கையோடு அது விற்பனைக்கும் வந்துவிட்டது.

அங்கிருந்து தெற்கே வந்தால் மில் லாக்ஸ் ஏரி. பரப்பு சுமார் 1 லட்சத்து 32 ஆயிரம் ஏக்கர். ஆனால் மிக ஆழமான இடத்திலேயே 42 அடிதான். அகலமும் ஆழமின்மையும் சேர்ந்த ஏரியில் காற்று கிளம்பினால், அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் எழும். மே மாதம் வால்ஐ மீன்பிடிப் பருவம் திறந்தவுடன் மாநிலத்தின் பாதிப் பேர் ஏரியில் இருப்பது போலத் தோன்றும். அந்த நேரத்தில் தண்ணீர் உடலை நடுக்கும் குளிரில் இருக்கும்.

இங்கேதான் படகின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கடையில் இருக்கையைத் தடவிப் பார்ப்பவர்கள் அதிகம், அடியில் குனிபவர்கள் குறைவு. அடி தட்டையாக இருந்தால் படகு அமைதியான நீரில் ஆடாமல் நிற்கும், ஆழமில்லாத இடத்திலும் மிதக்கும், சிறிய எஞ்சினே போதும். ஆனால் அலையில் ஒவ்வொரு முறையும் அடிப்பாகம் பொத்தென்று அறையும், முதுகெலும்பு அதைத் தாங்க வேண்டும். அடி ‘வி’ வடிவில் ஆழமாக இருந்தால் அலையை வெட்டிக்கொண்டு மெத்தென்று போகும். நின்ற இடத்தில் மட்டும் பக்கவாட்டில் அதிகம் ஆடும், கூடுதல் குதிரைசக்தியும் பெட்ரோலும் கேட்கும். இரண்டுக்கும் நடுவே, முன்பக்கம் கூர்மையாகவும் பின்பக்கம் போகப்போகத் தட்டையாகவும் வருகிற வடிவம்தான் மில் லாக்ஸ் போன்ற ஏரிகளில் அதிகம் காணப்படுவது. இந்த மாநிலத்திலேயே நியூயார்க் மில்ஸ் என்ற சிற்றூரில் உருவாகும் லண்ட் படகுகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. மீன்பிடிப்பதுதான் முதல் நோக்கம் என்றால் 16 முதல் 18 அடி வரையிலான அலுமினியப் படகு, பக்கச்சுவர் உயரமாக, பின்புறம் அவுட்போர்டு எஞ்சினுடன். முதல்முறை வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் குறைவு.

எஞ்சினில் சிக்கனம் பிடிப்பது பலர் செய்யும் தவறு. இருவர் மட்டும் ஏறிச் சோதித்தபோது சிட்டாய்ப் பறந்த படகு, ஆறு பேரும் குளிர்பெட்டியும் நிறை டாங்கும் ஏறியதும் முன்மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழும். வேகப் படகுகள் குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் நீரின் மேல் ஏறி வழுக்கிப் போகும்படி வடிவமைக்கப்பட்டவை. அந்த நிலைக்கு ஏற முடியாத எஞ்சின், பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மினியாபொலிஸ் நகரின் மேற்கு விளிம்பில் இருக்கும் மின்னடோங்கா ஏரி முற்றிலும் வேறு உலகம். குடாக்களும் கால்வாய்களுமாகக் கிளைவிட்டுப் பரந்த ஏரி அது. கரையெல்லாம் வீடுகள், உணவகங்களுக்கே படகுத்துறை உண்டு. இங்கே மாலை நேரத்தில் மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பவற்றில் பெரும்பங்கு பாண்டூன். இதன் பிறப்பிடமும் மினசோட்டாதான்: 1950-களின் தொடக்கத்தில் ரிச்மண்ட் ஊரைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் வீரஸ், இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து அவற்றின் மேல் மரத்தளம் போட்டார். இன்று பீப்பாய்களின் இடத்தில் அலுமினியக் குழாய்கள். மேலே சோபா, நிழற்கூரை, கதவு வைத்த கம்பித் தடுப்பு. பாட்டி, தாத்தா, கைக்குழந்தை, நாய் என்று எல்லோரும் படியேறாமல் நடந்தே ஏறிவிடலாம். அதிர்ச்சியில்லாத இந்த அமைதிக்காகவே, வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பங்களுக்கு முதல் படகாகப் பாண்டூனைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். பாண்டூனின் முன்தளம் தாழ்வானது. பெரிய அலைக்குள் வேகத்தைத் திடீரென்று குறைத்தால் தண்ணீர் முன்பக்கமாகத் தளத்தில் ஏறும். முன்பக்கத் தடுப்புக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உட்கார்வது இன்னும் கொடியது. தவறி விழுபவர் நேராகப் படகுக்கு அடியிலும் பின்னர் ப்ரொப்பெல்லரிலும் சிக்குவார். குழந்தைகளை அங்கே உட்கார வைத்துப் படமெடுக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடுத்துவிட வேண்டும்.

நீர்ச்சறுக்கு ஆசை உள்ளவர்களின் கணக்கு வேறு. அந்த விளையாட்டும் மினசோட்டாவில் பிறந்ததுதான். 1922-இல் பெப்பின் ஏரியில் 18 வயது ரால்ஃப் சாமுவெல்சன், பலகைகளின் நுனியை வளைத்து முதன்முதலாகத் தண்ணீரில் சறுக்கினார். இன்று அந்த ஆசை, படகு கிளப்பும் அலையிலேயே சவாரி செய்யும் ‘வேக் சர்ஃபிங்’ வரை போய்விட்டது. அதற்கென்றே எடைத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, பின்புறத்தைத் தாழ்த்தி, பேரலை எழுப்பும் படகுகள் உண்டு. ப்ரொப்பெல்லர் படகுக்கு அடியில் உள்ளே தள்ளி இருப்பதுதான் இவற்றின் உயிர்நாடி; சாதாரண அவுட்போர்டு படகின் பின்னால் அந்த விளையாட்டை ஆடவே கூடாது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோணி நீர்வீழ்ச்சி ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் படகுகளின் அலை சாதாரணப் படகின் அலை அளவுக்கு அடங்க 500 அடிக்கு மேல் தூரம் வேண்டும் என்று கண்டது. சிறிய ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர் இதை வாங்குமுன் அந்த அளவு இடைவெளி தன் ஏரியில் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அலையால் வரும் கரை அரிப்பு என்பது அண்டை வீட்டாரின் நிலம் கரைவது.

நான்காவது தண்ணீர் சுப்பீரியர். ஏரி என்று பெயர், குணத்தில் கடல். நீரின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ். 729 அடி நீளமுள்ள எட்மண்ட் ஃபிட்ஜெரால்டு சரக்குக் கப்பல் 1975 நவம்பர் 10 அன்று இங்கே மூழ்கியபோது 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 10 அடி கயாக்கை வாங்கிக்கொண்டு இங்கே இறங்குபவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது. அந்தக் குட்டைக் கயாக்கில் முன்னும் பின்னும் நீர்புகாத அறைகள் பெரும்பாலும் இருக்காது. கவிழ்ந்தால் நிறைந்துவிடும், நடுத்தண்ணீரில் அதைக் காலிசெய்து மறுபடி ஏறுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். இங்கே வேண்டியது 16, 17 அடி நீளமுள்ள கடல் கயாக், குளிர்நீர் உடை, மீண்டும் ஏறும் பயிற்சி. பாய்மரப் படகு ஆசை உள்ளவர்கள் முதலில் பயிற்சி வகுப்பில் சேர்ந்து, பிறகு வாடகைப் படகில் ஒரு பருவம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பாய்மரப் படகின் வேகத்துக்கு அதன் நீளமே எல்லை: நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகு மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் நின்றுவிடும். அந்த நிதானம் பிடிக்குமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் முடிவானதும் எடைக் கணக்கு. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த ஒற்றை உடல் பெட்ரோல் படகுகளில் ஸ்டியரிங் அருகே ஒரு சிறு தகடு பொருத்தியிருக்க வேண்டும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைசக்தி என்று அது சொல்லும். ஆள் எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டு எடையை விட்டுவிடக் கூடாது. 75 லிட்டர் பெட்ரோலே 55 கிலோ. இழுக்கும் வண்டிக்கும் இதே கணக்குதான்: படகின் எடையோடு எஞ்சின், எரிபொருள், சாமான், டிரெய்லர் எல்லாம் சேரும். சிறு அலுமினியப் படகைக் குடும்பக் கார்கள் பலவும் இழுக்கும். 22 அடி ஃபைபர் படகுக்குப் பெரிய வண்டி வேண்டும். அந்த வண்டியின் விலையும் படகின் விலைதான்.

ஆண்டுச் செலவையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். காப்பீடு, படகுத்துறை வாடகை, பதிவுக் கட்டணம் போக, மினசோட்டாவில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எஞ்சினில் தங்கிய தண்ணீரை வடித்து, உறைதடுப்புத் திரவம் செலுத்தி, பெட்ரோலில் பதப்படுத்தும் திரவம் ஊற்றி, படகை மூடிக் கட்ட வேண்டும். இதை ஓர் ஆண்டு தவறவிட்டாலும் உறைந்த நீர் விரிந்து எஞ்சினைப் பிளந்துவிடலாம்.

பட்ஜெட் குறைவென்றால் பழைய படகு நல்ல வழி. அவுட்போர்டை மேலே தூக்கிக் கீழ்ப்பகுதியைப் பிடித்து அழுத்தினால், எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை அசைகிறதா என்று தெரியும். அசைந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. ஃபைபர் தளத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும் ஈரம் புகுந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். அலுமினியத்தில் ரிவெட்டுகளைச் சுற்றிக் கசிவுத் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகின் 12 எழுத்து அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாடல் ஆண்டைச் சொல்லும். விற்பவர் சொல்லும் வயதோடு அதை ஒப்பிடலாம். பிறகு, கொஞ்சம் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, வழக்கமாக ஏறப்போகும் அத்தனை பேரையும் ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

2023-இல் அமெரிக்கப் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்ததாகக் கடலோரக் காவல்படை பதிவு செய்திருக்கிறது. காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று பங்கு நீரில் மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதத்தினர் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. மினசோட்டாவில் படகு ஓடும்போது 10 வயதுக்குட்பட்டவர்கள் அணிந்தே ஆக வேண்டும். பெரியவர்களுக்கும் உடலளவுக்கேற்ற ஒன்றை வாங்கும் பணத்தைப் படகின் விலையிலேயே சேர்த்துவிடுவது முறை. 2025 ஜூலை முதல் அங்கே மோட்டார் படகு ஓட்ட உரிமச் சான்றும் படிப்படியாகக் கட்டாயமாகி வருகிறது. முதல் கட்டத்தில் 2004 ஜூன் 30-க்குப் பிறகு பிறந்தவர்கள், பின்னர் ஆண்டுதோறும் மூத்தவர்கள். வயது எதுவானாலும் அந்தப் பாடத்தை முடித்துவிட்டுக் கடைக்குப் போனால், விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளே மாறிவிடும்.

படகு வந்து சேர்ந்ததும் முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. ஆளில்லாத வாகன நிறுத்துமிடத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டிப் பழகுவது ஒன்று. அடுத்தது வடிகால் மூடியை மறக்காமல் இருக்கப் பழகுவது. வரிக்குதிரைச் சிப்பி போன்ற அயல் உயிர்கள் ஏரி விட்டு ஏரி பரவாமல் இருக்க, ஏரியைவிட்டுக் கிளம்புமுன் அந்த மூடியைக் கழற்றி நீரை வடித்து, சாலையில் மூடி இல்லாமலேயே போக வேண்டும் என்பது மினசோட்டா சட்டம். அடுத்த முறை சரிவில் படகை இறக்குமுன் அதைத் திரும்ப மாட்ட மறப்பவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. சாவியோடு ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டி ‘மூடி’ என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள் சிலர்.