எங்கே அழுத்துறீங்க பாஸ்?

'ஐ யம் அன் இங்கிலீஷ் டீச்சர்.' கிராமர்ல தப்பே இல்லை. ஆனா, 'டீச்சர்' மேல அழுத்தம் கொடுத்துச் சொன்னீங்கன்னா, நீங்க இங்கிலாந்துக்கார டீச்சர்! 'இங்கிலீஷ்' மேல அழுத்தினாத்தான் இங்கிலீஷ் பாடம் எடுக்கிறவர்.

மேட்டர் சிம்பிள். ரெண்டு வார்த்தை சேர்ந்து ஒரே பெயர்ச்சொல் ஆனா, அது 'காம்பவுண்ட் நவுன்'. அதுல பெரும்பாலும் முதல் வார்த்தை மேலதான் அழுத்தம் விழும். 'கிரீன்ஹவுஸ்'ல ரெண்டே அசை. முதல் அசையை அழுத்தினா, செடி வளர்க்கிற கண்ணாடிக் குடில். பிரிச்சுச் சொல்லி 'ஹவுஸ்'ஸை அழுத்தினா, பச்சை பெயின்ட் அடிச்ச வீடு. 'ஒயிட் ஹவுஸ்'ஸும் அப்படித்தான். 'ஒயிட்'டை அழுத்தினா வாஷிங்டன்ல இருக்கிற அதிபர் மாளிகை. 'ஹவுஸ்'ஸை அழுத்தினா, சுண்ணாம்பு அடிச்ச எதிர்வீடு!

நமக்கு ஏன் இது சறுக்குது? தமிழ்ல அழுத்தத்தை மாத்தினா வார்த்தையோட அர்த்தம் மாறாது. அந்த வேலையை இங்கே பல இடத்துல ஒற்று பார்த்துக்குது. 'வேலை கொடு'ன்னா உத்தியோகம். 'வேலைக் கொடு'ன்னா முருகன் கையில இருக்கிற வேல். ஒரே ஒரு 'க்'தான் வித்தியாசம்!

அழுத்தம் விழாத பாதி, நாளாக நாளாகத் தேய்ஞ்சும் போகும். 'கப்'பும் 'போர்டு'ம் சேர்ந்தது 'கப்போர்டு' இல்லை, 'கபர்டு'. 'போஸ்ட்மேன்'ல கடைசி 'மேன்', 'மன்'னா சுருங்கிடுது.

விதிவிலக்கும் உண்டு. 'ஆப்பிள் ஜூஸ்'ல அழுத்தம் ஆப்பிளுக்கு. 'ஆப்பிள் பை'யில பைக்கு. 'ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்'ல ஆக்ஸ்ஃபோர்டுக்கு. 'ஆக்ஸ்ஃபோர்டு ரோடு'ல ரோடுக்கு. சந்தேகம் வந்தா டிக்‌ஷனரியைப் புரட்டுங்க. உச்சரிப்புக் குறிப்புல, மேல்பக்கமா ஒரு குட்டி நேர்கோடு இருக்கும். அதுக்கு அடுத்து வர்ற அசைதான் அழுத்த வேண்டிய அசை.

தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்த பலர், 'நமக்கு ஆக்ஸென்ட் வராதுப்பா'ன்னு குரூப் டிஸ்கஷன்ல வாயே திறக்கறதில்லை. ஃப்ரெண்ட்ஸ், ஆக்ஸென்ட் வேற, அழுத்தம் வேற. லண்டன்காரர் மாதிரி இழுத்துப் பேச வேண்டாம். மதுரை வாடையோ நெல்லை வாடையோ அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும். அழுத்தம் சரியான இடத்துல விழுந்தா, எதிர்ல இருக்கிறவர் 'பார்டன்?'னு கேக்கிறது குறையும். தினம் அஞ்சு வார்த்தையை ரூம்மேட்கிட்ட சத்தமா சொல்லிப் பாருங்க. ஆமா, 'ரூம்மேட்'ல எங்கே அழுத்தினீங்க?